பூந்தி ஓடக் கூடாது

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். ஒரு வயது முடிவதற்குள் ஐம்பது கிலோவைத் தொட்டுவிடும். நூறு மடங்கு. மூன்று கிலோவில் பிறக்கும் மனிதக் குழந்தை இந்த வேகத்தில் வளர்ந்தால், முதல் பிறந்தநாளன்று அதன் எடை 300 கிலோ. காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தாய்மாமனை நினைத்துப் பாருங்கள்.

குட்டியை வாங்குகிற நாளில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு அது மடியில் தூங்குகிறது, காது மெத்தென்று இருக்கிறது, நிறம் அப்போதுதான் எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த பூந்தி நிறம். என் மகள் பூந்தி என்றே பெயர் வைத்துவிட்டாள். இப்போது மாலையில் வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால், தெருக் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். வருவது எது என்று பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

ராட்சத இனக் குட்டிகளிடம் ஒரு மோசடி உண்டு. உருவத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. ஐந்து மாதத்தில் பூந்தி, எதிர்வீட்டு வளர்ந்த லாப்ரடாருக்குச் சமமாக நின்றாள். ஆனால் பால்பல் முழுதும் விழவில்லை. தன் வாலைத் தானே பார்த்துப் பயந்தாள். ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கினாள். தெருவுக்கு இதெல்லாம் தெரியாது, உயரம்தான் தெரியும். ஆகவே வடவள்ளியில் எங்கள் தெருவிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் எல்லாரும் எனக்கு ஒரே அறிவுரையைச் சொன்னார்கள்: நல்லா ஓட விடுங்க.

இவர்களுக்கெல்லாம் தலைவர் தெருமுனை வீட்டுப் பி.டி. மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விசில் இன்னும் பெறவில்லை, கழுத்தில் தொங்குகிறது. ஓடாத உடம்பை அவர் உடம்புக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பூந்தியைச் சுற்றி ஒரு வலம் வந்து, தொடையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, இது வேட்டை நாயிங்க. ஜெர்மனில காட்டுப்பன்னியத் தொரத்துன சாதி. தெனமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டோணும். முடியலீன்னா மருதமலைப் படிக்கட்டுல ஏத்தி எறக்குங்க. ஆறே மாசம், கல்லாட்டம் ஆயிரும்."

காட்டுப்பன்றி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் துரத்தியவை வளர்ந்த நாய்கள். நான்கு மாதக் குட்டியைப் பன்றிமேல் ஏவிய ஜெர்மன் பிரபு எவனாவது இருந்திருந்தால், அடுத்த வேட்டைக்கு அவன் தனியாகத்தான் போயிருப்பான். மருதமலைப் படிகளோ எண்ணூறுக்கு மேல். முருகனுக்கு வேண்டிக்கொண்டவர்களே பாதியில் மினி பஸ்ஸை நினைத்து ஏங்குகிற இடம் அது.

இங்கே ஓர் உள்விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பூந்தி எங்கள் வீட்டுக்கு வந்ததே என்னை நடக்க வைக்கத்தான். எனக்குச் சர்க்கரை உண்டு. தினமும் 45 நிமிஷம் கைவீசி நடக்கும்படி சர்க்கரை டாக்டர் சொல்லியிருந்தார். நான் மழை, பனி, ராகுகாலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். என் மனைவி யோசித்தாள். சின்ன நாய் வாங்கினால் கூடத்துக்குள்ளேயே சுற்றிவிட்டுப் படுத்துவிடும். இருப்பதிலேயே பெரிய நாயாக வாங்கினால் இவர் நடந்தே தீர வேண்டும். இனத்தைப் பார்த்து வாங்கவில்லை, அளவைப் பார்த்து வாங்கினாள்.

தடுப்பூசிகள் முடிந்த அன்று, "இனிமேல் தினமும் எவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போகணுங்க டாக்டர்?" என்று கேட்டதும் அவள்தான். கால்நடை டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ரொம்ப நடக்க விடாதீங்கம்மா" என்றார். என் காது குளிர எந்த டாக்டரும் அதுவரை இப்படிப் பேசியதில்லை.

காரணத்தையும் சொன்னார். நீள எலும்புகளின் இரு முனைகளுக்கும் அருகே குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தட்டு எலும்பாக இறுகி மூடிக்கொள்ளும். சின்ன நாய்களுக்கு எட்டு, பத்து மாதத்தில் அந்த வேலை முடிந்துவிடும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் மாதிரியான இனங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகும், சிலதுக்கு இரண்டு வருஷம்கூட. அதுவரைக்கும் காலில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். மேலே ஏறுகிற எடையோ மாதத்துக்கு ஐந்தாறு கிலோ. அந்தத் தட்டில் அடிபட்டால் எலும்பின் ஒரு பக்கம் வளர்ச்சி நின்று மறுபக்கம் வளரும், கால் கோணிப்போகும். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகிற கோளாறும் இந்தப் பெரிய இனங்களில் சகஜம். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, வளர்ப்புக்கும் உண்டு.

"அப்ப எவ்வளவு நேரம்?" என்றாள் மனைவி, விடாமல்.

"இங்கிலாந்துல ஒரு கைக்கணக்கு வெச்சிருக்காங்கம்மா. ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சது இல்ல, பழக்கத்துல வந்தது. வயசு ஒரு மாசத்துக்கு அஞ்சு நிமிஷம். நாலு மாசக் குட்டின்னா இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை."

நான் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். மனைவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறும்போது விடை வந்தது. "ஒன்பதாவது மாசம் நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிரும்" என்றாள்.

அந்த இருபது நிமிஷமும் நடை என்று சொல்லத் தக்கதல்ல. எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டருகே ஒரு மின்கம்பம் உண்டு. பூந்தி அதன் அடியில் மூக்கை வைத்தால் முதலில் தரையோடு ஒரு சுற்று. பிறகு ஒரு சாண் மேலே. பிறகு தும்மல். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும். நாசித் துவாரம் இரண்டும் தனித்தனியாக அசைவதை அங்கே நின்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். நேற்றிரவு எந்தெந்தத் தெருநாய் அங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது என்பதை வரிவிடாமல் படித்துவிட்டுத்தான் நகர்வாள். டாக்டரிடம் புகார் சொன்னேன். "விடுங்க சார், மோப்பம் பிடிக்கிறதுதான் அதுக்குப் பெரிய வேலை. காலுக்கு அலுப்பில்லாம மூளை அலுத்துப்போகும். வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கும்" என்றார். தூங்கினாள். மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் தூக்கம் வந்தது.

நடக்க விடாதீர்கள் என்றதை வைத்துக்கொண்டு நாயையும் என்னையும் சோபாவிலேயே வைத்திருக்கலாம் என்ற என் வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. கட்டிப்போட்டு வளர்த்தால் தசை பிடிக்காது, தசை பிடிக்காவிட்டால் மூட்டைத் தாங்க ஆளில்லை என்றார். நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், லாப்ரடார் ஆகிய நான்கு இனக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் அபாயம் கூடுதலாக இருந்தது. அதே வயதில் கயிறில்லாமல், பூங்கா மாதிரியான மேடுபள்ள நிலத்தில் இஷ்டப்படி திரிந்த குட்டிகளுக்கு அபாயம் குறைவு. ஓடுவதில் தப்பில்லை, ஓட்டுவதில்தான் தப்பு. குட்டி தானாக ஓடினால் அலுத்ததும் உட்கார்ந்துகொள்ளும். நாம் ஓட்டினால் நமக்கு அலுக்கிற வரைக்கும் அது ஓடியாக வேண்டும்.

நமக்கு அலுக்கவே அலுக்காத ஒரு முறையையும் நம் ஊரில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் பார்க்கலாம். ஐயா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் ஆக்ஸிலேட்டர், மறு கையில் சங்கிலி. பக்கத்தில் நாக்குத் தொங்க நாய் ஓடிவரும், அதுவும் தார் ரோட்டில். உடற்பயிற்சி நாய்க்கு, காற்று வாங்குவது ஐயாவுக்கு, மைலேஜ் பெட்ரோல் கம்பெனிக்கு. வளர்ந்த நாய்க்கே இது கொடுமை. எலும்பு மூடாத குட்டியை இப்படி இழுத்துப்போகிறவர்களை ஒரு நாளாவது நாய் வண்டியோட்ட, பின்னால் ஓடவிட வேண்டும் என்பது என் ஆசை. வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. இதைச் சொன்னதற்கு ஒருவர், "அதுக்குத்தான் சார் வேகமாப் போறது" என்றார்.

நாங்கள் இருப்பது மாடி வீடு. படிக்கட்டு கூடாது என்றால் குட்டியைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். தூக்குவதற்கும் முறை உண்டு. ஒரு கை மார்புக்கு முன்னால், மறு கை பின்தொடைக்குக் கீழே, முதுகு வளையாமல். அவள் முதுகைச் சொல்கிறேன். என் முதுகைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நடுப்படியில் வரும்போதுதான் பூந்திக்கு என்மேல் அன்பு பொங்கும். மூக்குக்கண்ணாடியை நக்குவாள். கண்ணாடி மங்கிவிடும். அடுத்த படி எங்கே என்பதைச் செருப்பு நுனியால் தடவிக்கொண்டே இறங்குவேன். கீழே வீட்டுக்கார அம்மா போர்டிகோவில் நின்று ஒவ்வொரு படிக்கும் "மெதுவாங்க, மெதுவாங்க" என்பார். முதலில் நாய்க்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கைப்பிடிச் சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார். முப்பது கிலோவை நெருங்கிய பிறகு அவரே மனமிரங்கி, பகல் முழுக்கப் பூந்தி போர்டிகோவில் இருந்துகொள்ளட்டும் என்றார். பெயிண்டும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

வீட்டுக்குள்ளே இன்னொரு எதிரி உண்டு, தரை. முகம் பார்க்கும் பளபளப்பில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். பூந்தி எழுந்து நின்று இரண்டடி வைத்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போய், வயிறு தரையில் ஒட்டி, முகத்தில் ஒரு திகைப்போடு உட்கார்ந்திருப்பாள். அப்படி வழுக்கி வழுக்கி எழுவது மூட்டுக்கு ஓடுவதைவிடக் கெடுதல் என்பதால் தரையை மூட வேண்டியதாயிற்று. பொள்ளாச்சிப் பக்கமிருந்து தென்னை நார் மிதியடி வந்தது. போதவில்லை. ஜூன் 21 யோகா தினத்து உற்சாகத்தில் ஒவ்வொரு வருஷமும் வாங்கி, ஜூன் 22இல் சுருட்டிப் பரணில் போட்ட யோகா விரிப்புகள் எல்லாம் கீழே இறங்கின. இப்போது எங்கள் கூடத்தில் ஊதாவும் பச்சையுமாக விரிப்புகள் கிடக்கின்றன. வருகிறவர்கள், குடும்பமே யோகா செய்கிறது போலிருக்கிறது என்று மரியாதையோடு பார்க்கிறார்கள். நாங்கள் மறுப்பதில்லை.

என் மச்சானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எலும்பு மூடவில்லை என்றால் மூட வைக்க வேண்டியதுதானே என்பது அவன் கட்சி. "கால்சியம் குடுங்க மாமா" என்று ஒரு டானிக் புட்டியோடு வந்தான். போதாததற்கு முட்டை ஓட்டுப் பொடி, ஆட்டுக்கால் சூப். நல்ல வேளையாக இதற்கும் விடை இருந்தது, அதுவும் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே கண்ட விடை. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தை அதிகப்படுத்திப் பார்த்தார்கள். எலும்பு வலுக்கவில்லை, கோளாறுதான் வந்தது. சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த தீனியைப் போட்டால் அதிலேயே அளவாக இருக்கிறது. குட்டியைக் கொழுகொழுவென்று வளர்ப்பதும் கூடாது. விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மச்சான் இதைக் கேட்டுவிட்டு, பூந்தியின் விலாவைத் தடவிப் பார்த்தான். பிறகு என் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். ஆட்டுக்கால் சூப் வீணாகவில்லை.

சாப்பிட்ட உடனே விளையாட விடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இது விளையாட்டான விஷயமல்ல. இந்த இனத்துக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் மற்ற எந்த இனத்தையும்விட அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வயிறு வீங்கி, வாந்தி வராமல் குமட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதனால் தீனியைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு. இந்த ஒரு சட்டத்தை மட்டும் வீட்டில் நானும் சேர்ந்து கடைப்பிடிக்கிறேன்.

ஆறு மாதம் தாண்டியதும் பூந்தி நொண்ட ஆரம்பித்தாள். முதலில் இடது முன்னங்கால். அது சரியாகிறது என்று நிம்மதிப்பட்டால் வலது பின்னங்கால். "பாத்தீங்ளா? ஓட்டாம வெச்சா மூட்டுப் புடிக்குமுங்க" என்று பி.டி. மாஸ்டர் கேட்டுக்கு வெளியே நின்றே தீர்ப்பளித்தார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். முழங்காலுக்கு மேலே எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "எலும்பு உடைஞ்சிருச்சுங்களா?" என்றேன். அவர் சிரித்தார். "அது உடைசல் இல்ல சார். அதுதான் நான் சொன்ன தட்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாது, இடைவெளி மாதிரிதான் தெரியும்" என்றார். நொண்டல், பெரிய இனங்களுக்கு வளரும் வயதில் வருகிற எலும்பு வலியாம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவும், தானாகவே போய்விடும். வலி மாத்திரையும் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். மீண்டும் ஓய்வு. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், மருந்துச்சீட்டை நானே சொல்லி எழுத வைத்தேன் என்ற சந்தேகம் இருந்தது.

மாஸ்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். இந்த இனத்திலேயே மிகுந்த புகழ் பெற்ற நாய் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் இருந்தது. பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ். கடற்படைச் சிப்பாய்களோடு ரயிலேறி கேப் டவுனுக்குப் போய்வருவதுதான் அதன் வேலை. டிக்கெட் இல்லாமல் வருகிறது என்று ரயில்வேக்காரர்கள் தகராறு செய்ததால், பிரிட்டிஷ் கடற்படை 1939இல் அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துக்கொண்டது. சிப்பாய்க்கு ரயில் இலவசம். 1944இல் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்; சைமன்ஸ் டவுனில் சிலையும் இருக்கிறது. "ஓடிப் பேர் வாங்கல மாஸ்டர், ரயில்ல உக்காந்து பேர் வாங்குச்சு" என்றேன். மாஸ்டர் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஸ்டேஷனுக்கு எப்படிப் போச்சுங்? நடந்துதான?" என்றார்.

அவரை அடக்கியது காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்த என் மனைவியின் அப்பாரு. எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க மாட்டோடு இருந்தவர். வந்த அன்றே பூந்தியின் தாடையை இடது கையால் பிடித்து, கட்டை விரலால் உதட்டை விலக்கி, பல்லைப் பார்த்தார். பிறகு முன்னங்கால் முட்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். முட்டி காலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் உள்ளே வந்து அஞ்சு கிலோமீட்டர் கதையை ஆரம்பித்தார். அப்பாரு முழுதும் கேட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, உங்க ஊட்ல மாடு இருந்துச்சுங்களா?"

"அப்பன் காலத்துல இருந்துச்சுங்."

"பல்லுப் போடாத கன்னுக்குட்டியக் கொண்டாந்து வண்டில பூட்டுவாரா உங்கப்பன்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"ஆளு ஒசரமா இருக்குதுன்னு பூட்டுவாரா?"

மாஸ்டர் வாயை மூடினார். காங்கேயம் மாட்டுக்கு முதல் ஜோடிப் பல் விழுந்து முளைக்க இரண்டு வயதாவது ஆகும். அதுவரைக்கும் கன்று எத்தனை திமிறினாலும் கழுத்தில் நுகத்தடி வைக்க மாட்டார்கள். என் டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டிய இரண்டு வருஷக் கணக்கை அப்பாரு உதட்டை விலக்கிச் சொல்லிவிட்டார். நாய்க்குப் பல்லை வைத்து இதைச் சொல்ல முடியாது, ஏழு மாதத்துக்குள் எல்லாப் பல்லும் முளைத்துவிடும் என்ற நுணுக்கத்தை நான் அந்தச் சபையில் எழுப்பவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் வக்கீலைத் திருத்தக் கூடாது.

பூந்திக்கு ஒன்பது மாதம் வந்துவிட்டது. மனைவி எனக்கு ஷூ வாங்கி வைத்திருந்தாள். கணக்குப்படி 45 நிமிஷம். ஆனால் அந்தக் கணக்கு உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை என்பது பூந்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாதி நேரம் ஆனதும் மெயின்ரோட்டுப் பேக்கரி வாசலில் உட்கார்ந்துவிடுவாள். குட்டி தானாக உட்கார்ந்தால் இழுக்கக் கூடாது என்பது மருத்துவ உத்தரவு. கோயமுத்தூர் பேக்கரி வாசலில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்க முடியும்? ஒரு டீ. டீக்கு ஒரு தேங்காய் பன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த சர்க்கரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "நடக்கிறீங்களா இல்லியா?" என்றார். வளர்ச்சித் தட்டு, மாதத்துக்கு ஐந்து நிமிஷம், நார்வே எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நாய்க்கு இன்னும் மூடலைங்க, சரி. உங்களுக்கு மூடி முப்பது வருஷம் ஆச்சுங்களே" என்றார்.

மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே ஏற்பாடு முடிந்துவிட்டது. காலையில் பூந்தியோடு ஒரு நடை, மின்கம்பம் உட்பட. அது முடிந்து அவளைப் போர்டிகோவில் விட்டதும் நான் தனியாக இன்னொரு நடை. தனியாக என்றால் முழுக்கத் தனியாக இல்லை. நாயை அப்பாரு பிடுங்கிக்கொண்டதிலிருந்து மாஸ்டர் கை சும்மா இருந்தது. ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே விசில் சத்தம் கேட்கும்.

"தம்பி, பல்லெல்லாம் போட்டாச்சுங்ளா? வாங்க."